அரக்குத் தட்டு முதல் ஒலிநாடா வரை: நம் வீடுகளில் பதிந்த குரல்கள்



திண்டுக்கல் பேகம்பூரிலும், அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களான வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, வேடசந்தூர் பகுதிகளிலும் நம் சமுதாயத்தாரின் பழைய வீடுகளில் பரணை இறக்கிப் பார்த்தால், செருப்புப் பெட்டி ஒன்றிலோ பிஸ்கட் டின் ஒன்றிலோ பழைய கேசட்டுகள் கிடைப்பது அரிதன்று. மேலே இருப்பவை நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்களாகவோ, மிஸ்ர் நாட்டுக் காரிகளின் கிராஅத்தாகவோ இருக்கும். அடியில் கிடப்பவை பெயரற்றவை. அட்டையில் பால்பாயிண்ட் பேனாவால் ‘கல்யாணம்’ என்றோ ‘அத்தா பேசியது’ என்றோ எழுதப்பட்டிருக்கலாம்; பல சமயம் அதுவும் இராது. கம்பெனிகள் வெளியிட்ட நாடாக்களை உலகில் வேறு எங்கேனும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். அடியில் கிடப்பவற்றுக்கு மறுபிரதி கிடையாது. இக்கட்டுரை அவற்றின் வரலாறு பற்றியது.

கருவி வருவதற்கு முன்பே நம் வீடுகளில் குரல் இருந்தது. ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லின் பவுஜ்தாராக வந்தார் என்பதும், அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகம் அடங்கிய இடமே பேகம்பூர் எனப் பெயர் பெற்றது என்பதும் நம்மூர்ப் பிள்ளைகள் அறிந்த செய்தி. ஆயின் இவ்வட்டாரத்தில் தமிழ் முஸ்லிம்களின் பாட்டு மரபு அதற்கும் மூத்தது. நமக்கு முழுமையாகக் கிடைத்துள்ள தொன்மையான இஸ்லாமியத் தமிழிலக்கியமெனக் கருதப்படும் ‘ஆயிர மசலா’வை வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் அரங்கேற்றியது மதுரையில்தான். மசலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று தமிழுக்கு நம் புலவர்கள் தந்த வகைகள் யாவும் கண்ணால் படிப்பதற்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல. கூடியிருப்போர் நடுவே ஒருவர் இராகமிட்டு ஓத, மற்றவர் கேட்பதற்காக எழுதப்பட்டவை. உமறுப் புலவரின் சீறாப்புராணமும் அவ்வாறே இரவுகளில் ஓதப்பட்டு விளக்கப்பட்டது. குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களின் கீர்த்தனைகள் அச்சேறுமுன்பே பக்கீர்களின் நாவேறின.

ரமலானில் சஹர் நேரத்துக்குத் தாயிராவைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் பாடிச்சென்ற பக்கீர்களை நம்மில் மூத்தோர் நினைவுகூர்வர். வீட்டுக்குள்ளோ பாட்டு பெரும்பாலும் பெண்களுடையது. தாலாட்டு, நலங்குப் பாட்டு, ரபீஉல் அவ்வல் பிறை கண்டதும் தொடங்கும் மௌலூது, ‘நூறு மசலா’ படித்தல் என அவர்களுக்கென ஓர் ஆண்டுச் சுற்று இருந்தது. எழுதப் படிக்க அறியாத மூதாட்டிகளும் நூற்றுக்கணக்கான அடிகளை மனனமாக வைத்திருந்தனர். கீழக்கரை செய்யிது ஆசியா உம்மா, தென்காசி ரசூல் பீவி போன்ற பெண் ஞானியரின் பாடல்கள் ஏட்டிலும் அச்சிலும் தங்கிவிட்டன. மற்ற ஆயிரமாயிரம் பெண்கள் பாடியவை அவர்களோடு சென்றன. அவர்கள் என்ன பாடினர் என்பதையாவது ஓரளவு ஊகிக்கலாம். எந்த இராகத்தில், எந்த இடத்தில் மூச்சை நிறுத்திப் பாடினர் என்பதை எந்த ஏடும் சொல்லாது.

இவ்விடத்தில்தான் கருவியின் கதை தொடங்குகிறது. அமெரிக்காவில் தாமஸ் எடிசன் 1877இல் ஃபோனோகிராப்பைச் செய்தார். மறு ஆண்டே அவர் ஒரு பத்திரிகையில் அக்கருவியால் ஆகக்கூடிய காரியங்களை வரிசைப்படுத்தினார். கடிதம் எழுதுதல், பார்வையற்றோருக்கு நூல் வாசித்தல், பேச்சுப் பயிற்சி என்று செல்லும் அப்பட்டியலில், குடும்பத்தாரின் குரல்களையும் இறக்கும் தறுவாயில் இருப்போரின் சொற்களையும் சேமித்து வைத்தலும் ஒன்று. அந்தக் கருவியின் உருளை அதற்குத் தக்கதாகவே இருந்தது: அதில் கேட்கவும் இயலும், பதியவும் இயலும்.

ஆனால் உலகை ஆண்டது அந்த உருளை அன்று. எமில் பெர்லினர் 1887இல் கண்டுபிடித்த தட்டையான தட்டுதான் வணிகத்துக்கு உகந்ததாயிற்று. ஓர் அச்சிலிருந்து ஆயிரம் பிரதிகளை அழுத்தி எடுக்கலாம். ஆனால் வாங்கியவர் அதில் எதையும் பதிய முடியாது. இந்த ஒரு மாற்றம் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு நம் வீடுகளின் தலைவிதியை எழுதிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். வெளிக்குரல் வீட்டுக்குள் வந்தது; வீட்டுக்குரல் எங்கும் தங்கவில்லை.

இந்தியாவில் அந்தத் தொழில் 1902இல் கல்கத்தாவில் ஒரு விடுதி அறையில் தொடங்கியது. கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் முன்னே நின்று பாடியவர்களுள் தலையாயவர் கௌஹர் ஜான் என்னும் முஸ்லிம் பாடகி. மூன்று நிமிடத்துக்குள் ஓர் இராகத்தைச் சுருக்கிப் பாடி, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிடுவார். பதிந்தவை கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குச் சென்று, தட்டுகளாக அச்சாகித் திரும்பிவந்தன. அங்குள்ளோர் எந்தத் தட்டு யாருடையது என்று அறிந்துகொள்ளும் பொருட்டே இந்த ஏற்பாடு. அத்தட்டு செய்யப்பட்ட அரக்கோ நம் நாட்டு மரங்களில் வாழும் பூச்சி சுரப்பது. நம் அரக்கு, நம் பாட்டு, அவர்கள் ஆலை என்பதைப் பருத்தியின் கதையோடு சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்.

மார்க்க அறிஞர்களும் இக்கருவியைக் காணாதது போல் இருந்துவிடவில்லை. 1899இலேயே, இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டாவியாவில் வாழ்ந்த செய்யிது உஸ்மான் அவர்கள், ஃபோனோகிராப்பில் குர்ஆனைப் பதிவதும் கேட்பதும் பற்றி ஒரு பத்வா எழுதினார். 1906இல் மிஸ்ரின் முஹம்மது பகீத் அல்முத்தீஈ அவர்கள் அதே பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். இயந்திரத்திலிருந்து வருவது ஓதலா, ஓதலின் எதிரொலியா? அதைக் கேட்பவருக்கு ஓதலைக் கேட்பதன் அதபு கடமையா? அது கேளிக்கை நடக்கும் இடத்தில் ஒலித்தால் என்ன செய்வது? நூறாண்டுக்கு முந்தைய இக்கேள்விகள், கைப்பேசியின் அழைப்பொலியாக ஆயத்தை வைக்கலாமா என்று இன்று நம் பிள்ளைகள் கேட்பதிலிருந்து வெகுதூரம் இல்லை. நடைமுறையில் இவ்விவாதத்தை முடித்து வைத்தது 1961இல் வெளிவந்த ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்களின் முழுக் குர்ஆன் பதிவு. நம் பரண்களில் கிடைக்கும் கிராஅத் கேசட்டுகளின் மூதாதை அதுவே.

தமிழ் முஸ்லிம்களின் வீடுகளுக்குள் பெருங்குரலாக நுழைந்தவர் நாகூர் இ.எம். ஹனீபா. 1925இல் பிறந்து 2015 ஏப்ரலில் மறைந்த அவரைப் பற்றி நம் வாசகர்களுக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. முறையான சங்கீதப் பயிற்சி இல்லாமல், உச்சத் தொனியில் உடையாத அந்தக் கணீர்க் குரல் கிராமபோன் தட்டிலும் பின்னர் கேசட்டிலும் ஊர் ஊராகச் சென்றது. திருமண வீட்டில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டியதும் முதலில் ஒலிப்பது அவர் பாட்டுத்தான். காயல் ஷேக் முகம்மது போன்றோரும் அவரைத் தொடர்ந்து வந்தனர். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியும், கடல்கடந்து வந்த இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியும் அவற்றோடு சேர்ந்தன. இவற்றின் நன்மையை மறுப்பார் எவருமிலர். எனினும் ஒரு விளைவையும் சொல்லாமல் விடலாகாது. குழாய் ஒலிபெருக்கி வந்த பின் திருமண வீட்டில் நலங்குப் பாட்டு பாடும் பெண்களின் குரல் தெருவுக்கு மட்டுமன்றி அடுத்த அறைக்கும் கேளாமற்போயிற்று. போட்டியிட்டுப் பாடுவோர் குறைந்தனர். நல்ல பாட்டே இன்னொரு நல்ல பாட்டை மௌனமாக்கிய கதை இது.

பதியும் ஆற்றல் மீண்டும் வீட்டுக்கு வந்தது கேசட்டினால். நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் தலைமையிலான குழு அதை உருவாக்கி 1963இல் பெர்லின் கண்காட்சியில் வைத்தது. நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா, நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடும். அறுபது நிமிடக் கேசட்டுக்குள் ஏறத்தாழ 90 மீட்டர் நாடா சுருண்டிருக்கிறது. இசைக்கென்று அதை ஆக்கியோர் முதலில் எண்ணவில்லை. பேச்சைப் பதியவே ஆக்கினர். நம் மக்களுக்கு வேண்டியதும் அதுவே.

எழுபதுகளில் நம் இளைஞர்கள் வளைகுடாவுக்குச் சபர் செல்லத் தொடங்கினர். தோல் பதனிடும் தொழிலை நம்பியிருந்த திண்டுக்கல் குடும்பங்களிலிருந்தும் பலர் சென்றனர். விடுமுறையில் திரும்புவோர் கையில் வாசனைத் திரவியம், போர்வை, இவற்றோடு ‘டூ இன் ஒன்’ எனப்பட்ட ரேடியோவுடன் கூடிய டேப் ரெக்கார்டர் ஒன்றும் இருக்கும். அதில் சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. அதையும் அருகிலுள்ள பொத்தானையும் ஒருசேர அழுத்தினால் வீட்டிலுள்ள எவர் குரலும் பதிவாகும். பெர்லினரின் தட்டு பறித்ததை இந்தச் சிவப்புப் பொத்தான் திருப்பித் தந்தது.

அக்காலத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்பு என்பது முன்பதிவு செய்து, காத்திருந்து, மூன்று நிமிடத்தில் முடிக்க வேண்டிய பெருஞ்செலவு. கடிதம் எழுதவோ படிக்கவோ இயலாத தாயும் மனைவியும் பலர். ஆகவே கேசட்டே கடிதமாயிற்று. எடிசன் தம் பட்டியலின் தலைப்பில் வைத்த பயன், நூறாண்டு கழித்து நம் வீட்டு முற்றத்தில் நிறைவேறியது. வீட்டார் வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவராகப் பேசுவர். சலாம் சொல்லி, நலம் கேட்டு, பிள்ளையை ஓரிரு சூரா ஓதச் சொல்லி, பாட்டியைப் பாடச் சொல்லி, நாடா மிஞ்சியிருந்தால் அண்டை வீட்டாரையும் பேசவைத்து, ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்புவர். மறுபக்கத்தில் அங்கிருந்து பதிலைப் பதிந்து அனுப்புவோரும் உண்டு. கேரளத்தில் நிலம்பூர் எஸ்.ஏ. ஜமீல் எழுதிய ‘துபாய் கத்து’ என்னும் மாப்பிளைப் பாட்டு இதே காலத்தில், பிரிவில் வாடும் மனைவியின் கடிதமாகவே எழுதப்பட்டுக் கேசட்டில் பரவிப் பெரும் சலனத்தை உண்டாக்கியது. நம் பக்கம் அத்தகைய புகழ்பெற்ற பாட்டு எழவில்லை. ஆனால் பாட்டாக ஆகாத கடிதங்கள் எத்தனையோ எழுந்தன.

இப்பதிவுகளில் பின்னணியாகக் கேட்பவையும் வரலாறே. மின்விசிறியின் உறுமல், சேவல், பள்ளியிலிருந்து வரும் பாங்கு, பாங்கு கேட்டதும் ‘நிறுத்து’ என்னும் ஒரு குரல், அதைத் தொடர்ந்து ‘டக்’ என்ற ஓசை. சில பதிவுகளில் பேசுவோர் குரல் போகப்போகக் கீச்சென்று மெலியும். அதற்குக் காரணம் பதியும்போது பேட்டரி இறங்கி நாடா மெதுவாக ஓடியதுதான். சரியான வேகத்தில் கேட்கும்போது அது விரைந்து ஒலிக்கிறது. பேட்டரி வாங்கக் காசில்லாத மாதக்கடைசியையும் அந்த நாடா பதிந்து வைத்திருக்கிறது எனலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. கம்பெனிக் கேசட்டின் பின்விளிம்பில் இரு சிறு நாக்குகள் முறிக்கப்பட்டிருக்கும். நாக்கு இல்லையேல் பதியும் பொத்தான் இறங்காது. அந்தக் குழியில் ஒரு துண்டு செல்லோடேப்பை ஒட்டினால் இறங்கும். புதிய வெற்றுக் கேசட் வாங்கும் வசதியில்லாத வீடுகளில் இப்படி ஒட்டி, சினிமாப் பாட்டின் மேல் பாட்டியின் தாலாட்டைப் பதிந்தனர். கேட்டுக்கொண்டே வந்தால் தாலாட்டு முடிந்த கணத்தில் நடுவிலிருந்து ஒரு பழைய சினிமாப் பாட்டு பீறிட்டெழும். கேட்போர் சிரிப்பர். ஆனால் இதற்கு நேர்மாறானதும் நிகழ்ந்தது: நாக்கு முறிக்காமல் விட்ட குடும்பக் கேசட்டின் மேல் பத்தாண்டு கழித்துப் பிள்ளைகள் கிரிக்கெட் வர்ணனையைப் பதிந்தனர். பதியும் முனைக்கு முன்னிருக்கும் அழிக்கும் முனை முதலில் வேலையை முடித்துவிடுவதால், அவ்வாறு போன குரலை மீட்க வழியில்லை.

வீட்டில் பாடிப் பதிவது ஆகுமா என்ற வினாவையும் தொடாமல் செல்வதற்கில்லை. இசைக்கருவிகள் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதும், பெரும்பான்மையோர் கடுமையாகவே கூறியுள்ளனர் என்பதும் நாம் அறிந்ததே. இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) எச்சரித்தார். இப்னு ஹஸ்ம் (ரஹ்) அனுமதித்தார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஸமாஉக்கென ஒரு தனிப் பகுதியையே ஒதுக்கி, எவர், எப்போது, எதை, எந்நோக்கில் கேட்கிறார் என்று பகுத்து உரைத்தார். பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடியதையும், அபூபக்ர் (ரலி) கண்டித்தபோது நபி (ஸல்) அவர்கள் ‘விட்டுவிடுங்கள்’ என்ற கருத்தில் கூறியதையும் புகாரியில் காண்கிறோம். அந்நிகழ்ச்சி ஒரு வீட்டுக்குள் நடந்தது என்பது நம் கவனத்துக்குரியது. தீர்ப்புக் கூறும் தகுதி நமக்கில்லை. தம் ஊர் ஆலிமிடம் கேட்டறிக. நாம் இங்குச் சுட்ட விரும்புவது வரலாற்றுச் செய்தி ஒன்றைத்தான்: நம் வீட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை கருவியற்ற வெறுங்குரல், மிஞ்சினால் ஒரு தஃப், அல்லது அதுவும் இல்லாதபோது கவிழ்த்த எவர்சில்வர் குடம். பேணுதலும் வறுமையும் இதில் ஒருங்கே நின்றன.

வீட்டுப் பதிவைத் தொழிலாக உயர்த்தியவரும் நம் தமிழ் முஸ்லிம்களுள் ஒருவரே என்பதைக் குறிப்பிட வேண்டும். ஏ.ஆர். ரஹ்மான் சென்னை கோடம்பாக்கத்தில் தம் வீட்டுப் புறக்கடையில் கட்டிய ‘பஞ்சதன்’ பதிவுக்கூடத்தில்தான் 1992இன் ‘ரோஜா’ உருவாயிற்று. தந்தை இறந்தபின் அவருடைய இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காத்த தாயார் கரீமா பேகம் அவர்கள், தம் நகைகளை விற்றுத் தந்த பணத்தில்தான் அக்கூடத்தின் பலதடப் பதிவுக் கருவி வாங்கப்பட்டது. சினிமாவைப் பற்றி நம் வாசகர்கள் எக்கருத்துக் கொண்டிருப்பினும், பெரும் நிறுவனங்களிடம் மட்டுமே இருந்த ஆற்றல் ஒரு விதவைத் தாயின் நகையால் ஒரு வீட்டுக்குள் வந்தது என்ற செய்தி சிறியதன்று.

பலதடப் பதிவு என்பது ஒருவர் தம் குரலைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அதன்மேல் மீண்டும் பாடிச் சேர்ப்பது. 1979இல் ஜப்பானின் டியாக் நிறுவனம் சாதாரணக் கேசட்டில் நான்கு தடங்களைப் பதியும் ‘போர்ட்டாஸ்டூடியோ’வை வெளியிட்டபோது இது உலகெங்கும் வீட்டுக் கலைஞருக்கு எட்டியது. இன்று அது கைப்பேசியிலேயே இருக்கிறது. கருவியைத் தவிர்க்க விரும்பும் நம் இளைஞர்களுக்கு இது பேருதவி. ஒருவரே நான்கு முறை பாடி ஒரு பைத் சபையாகிவிடலாம். தரை ஓடு பதித்த வெற்றறையில் எதிரொலி மிகும் என்பதால், துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் முன் நின்றும், போர்வையைத் தொங்கவிட்டும், இரவில் விசிறியை நிறுத்திவிட்டும் பதிகின்றனர். வியர்வையில் நனைந்து பாடப்படும் இந்தப் பாடல்களில் சில உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. பல, அரபு நஷீதுகளின் சாயலை அப்படியே ஒட்டிச் செல்கின்றன. தம் வீட்டு மூதாட்டியின் தாலாட்டு இராகம் இவர்களுள் பலருக்குத் தெரியாது. அது பரணில் இருக்கிறது.

பரணில் இருப்பதற்கு நாள் குறைவு. நாடாவில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரக்காற்றில் இளகும். மழைக்காலத்தில் பூஞ்சை படியும். நீண்டகாலம் சுருண்டே கிடந்தால் ஒரு சுற்றின் குரல் அடுத்த சுற்றில் மெல்லப் படிந்து, ஒருவர் பேசுமுன்பே அவர் பேச்சின் நிழல் கேட்கும். நூற்றிருபது நிமிடக் கேசட்டின் நாடா மிக மெல்லியது, இழுபட்டு அறும். நல்ல நிலையிலுள்ள டேப் ரெக்கார்டர் ஒன்றைத் தேடி, முனையையும் உருளையையும் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்து, நாடாவை ஒருமுறை முழுவதும் முன்னும் பின்னும் ஓட்டித் தளர்த்திய பின், ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கம்பியால் கணினிக்கு இணைத்துப் பதிய வேண்டும். ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளே போதும். சுருக்காத வடிவில் ஒரு மணி நேரத்துக்கு 600 மெகாபைட்டுக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். இன்றைய நிலையில் அது பெரிதன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தால் பாதுகாத்தாயிற்று என்று எண்ணுவோர் உளர். கைப்பேசி மாறும்போது அக்கோப்புகளே முதலில் தொலைகின்றன.

ஒரு செய்தியில் நாம் கண்டிப்பாக இருக்க விரும்புகிறோம். அப்பெண்கள் பாடியது கணவருக்காக, மகனுக்காக, தம் வீட்டுக் கூடத்துக்காக. அந்நியர் கேட்பர் என்று அறிந்திருந்தால் அவர்களுள் பலர் வாய் திறந்திருக்கமாட்டார்கள். பெண்குரல் அவ்ரத்தா என்னும் மஸ்அலாவில் எக்கருத்தை ஏற்போருக்கும் இது பொருந்தும். இது அமானிதம் பற்றியது. பாதுகாப்பது வேறு, இணையத்தில் ஏற்றுவது வேறு. ஆய்வாளர் கேட்டாலும் குடும்பத்தார் அனைவரும் இசைந்த பின்னரே கொடுக்க வேண்டும். 1982இல் தொடங்கப்பட்டு இப்போது குர்கானில் இயங்கும் இசையியல் ஆவணக்காப்பகம் போன்ற இடங்களில் ஒலிப்பதிவுகளை முறைப்படி பேணுகிறார்கள். அத்தகைய இடத்துக்குக் கொடுப்போர், எதை எவர் கேட்கலாம் என்ற நிபந்தனையை எழுத்தில் பெற்றுக்கொள்வது நலம்.

வேலையைத் தொடங்குவோர் முதலில் நாக்கு முறிக்கப்படாத குடும்பக் கேசட்டுகளைப் பிரித்தெடுத்து அவற்றை முறித்துவிடட்டும். செல்லோடேப் ஒட்டியிருந்தால் உரித்துவிடட்டும். அடுத்தது பெயர்கள். கௌஹர் ஜான் ஒவ்வொரு தட்டின் முடிவிலும் தம் பெயரைச் சொல்லிவிட்டார். நம் வீட்டு நாடாக்களில் பேசியோர் அதைச் செய்யவில்லை. கேட்பவருக்குத் தம்மைத் தெரியும் என்பதே அவர்கள் எண்ணம். ஆகவே பதிவை ஓடவிடும்போது வீட்டில் மிக மூத்தவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குரலுக்கும் அவர் சொல்லும் பெயரையும், எந்த வீடு, எந்த ஆண்டு என்பதையும் அந்த அட்டையின் பின்புறத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நாடாவிலிருந்து பதிலுக்கு வரும் சலாத்துக்கு அவர் மறுமொழி கூறினால், அதையும் கைப்பேசியில் பதிந்துவிடுங்கள்.